பிந்தி வரும் படம்

அந்தப் பேனர் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும். ஏதோ நகைக்கடைப் பேனர், ரோஸ் நிறம், மைதானத்தின் கிழக்குக் கேலரி முகப்பில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், அதன் கீழ் விளிம்பும் முன்னால் இருக்கிற ஆடுகளத்தின் ஓரக்கோடும் முதல் பாதியில் ஒன்றுக்கொன்று நேராக ஓடின, அல்லது ஓடியதாக இப்போது நினைத்துக்கொள்கிறேன், அப்போது யார் பேனரைப் பார்த்தார்கள், செல்வநாயகியின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் கபடி பாடிப் போகும்போது இடது குதிகால் தரையில் படுவதே இல்லை என்று நேயர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது விளிம்பு வலது பக்கம் இறங்கியிருக்கிறது. கேமரா சாய்ந்திருந்தால் கோடும் கூடச் சாய்ந்திருக்க வேண்டும், கோடு நேராக இருக்கிறது. ஒரு முனையில் கயிறு தளர்ந்திருக்கலாம், தேரிக்காட்டுச் செம்மணல் காற்று எதைத்தான் விட்டுவைக்கும், கயிறுதான், கயிறாகத்தான் இருக்கும், என்று எனக்குள் சொல்லி முடிப்பதற்குள் படம் மாறிவிட்டது, பயிற்சியாளரின் முகம், மூக்கின் மேல் வேர்வை, அந்த மூக்கையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் நடக்கிற மணல்குளத்தில் இருந்திருந்தால் தலையைத் திருப்பியிருப்பேன். அவ்வளவுதான், ஒரு தலைத்திருப்பல். ஆனால் நான் இருப்பது சென்னையில், கிண்டித் தொழிற்பேட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், சுவரெல்லாம் சாம்பல் நிற ஸ்பாஞ்ச் ஒட்டி, மாலை வெயில் எப்படி இருக்கும் என்றே தெரியாத ஏசிக் குளிரில். எனக்கும் மணல்குளத்துக்கும் நடுவில் ஒரு ராத்திரி முழுக்க பஸ் ஓட வேண்டும். தலையைத் திருப்பினால் யாழிசை இருக்கிறாள், என்னோடு வர்ணனை செய்கிற பெண், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உதட்டுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, “இங்கே மணல்குளத்தில் ரசிகர்களின் உற்சாகம் கரைபுரண்டு ஓடுகிறது” என்கிறாள். இங்கே என்கிறாள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். இங்கே என்றே சொல்லுங்கள், அங்கே என்று வாய் தவறிக்கூட வரக் கூடாது, பார்க்கிறவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பொய் என்று அதை நான் நினைத்ததில்லை, வாய் பழகிவிட்டது, சோற்றை வாங்கிக்கொண்டே போதும் போதும் என்று சொல்வதைப் போல.

முன்பெல்லாம் போவோம். நானும், அப்போது என்னோடு வர்ணனை செய்த சொர்ணராஜ் அண்ணாச்சியும். ரயில், அப்புறம் பஸ், அப்புறம் யாராவது ஒருத்தருடைய டாடா ஏஸ். அண்ணாச்சி மைதானத்துக்குப் போனதும் மைக்கைத் தொட மாட்டார், முதலில் ஒரு சுற்று நடப்பார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, களத்தின் மண்ணை மிதித்துப் பார்ப்பார், லைட் கம்பத்தைத் தட்டிப் பார்ப்பார், கேலரிக் கம்புகளுக்குள் குனிந்து எதையோ பார்த்துவிட்டு வருவார். என்ன அண்ணாச்சி பார்த்தீங்க என்றால், ஒண்ணுமில்லடே, சும்மா, என்பார். எனக்கு அது வீண்வேலையாகத் தெரியும். முழங்கால் வலிக்கும் எனக்கு, ஆடின காலத்தில் போன முழங்கால், ரயில் இருக்கையில் மடக்கி உட்கார்ந்தால் மறுநாள் நீட்ட வராது. அதனால் இனிமேல் யாரும் போக வேண்டாம், படம் இங்கே வரும், இங்கேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று சேனல் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. அம்மா அப்போதுதான் கைகால் விழுந்து படுத்திருந்தாள். இரவில் அவளைப் புரட்டிப் படுக்க வைக்க இன்னொரு ஆள் வேண்டும், மனைவி ஒருத்தியால் முடியாது. அண்ணாச்சிதான் எழுந்து நின்று பேசினார், அந்தக் கூட்டத்தில். “நாக்கு மட்டும் போதும்னா ரேடியோ வச்சுக்கிடுங்க. நான் அங்க நின்னு பாக்காததை எப்படிய்யா பாத்தேன்னு சொல்லுவேன்?” அப்புறம் என்னைப் பார்த்தார், நானும் ஏதாவது சொல்வேன் என்று. வீட்டில் பார்க்கிறவர்கள் பார்ப்பதைத்தானே நாமும் பேச வேண்டும் அண்ணாச்சி, அவர்களுக்குத் தெரியாததை நாம் எதற்குப் பார்க்க வேண்டும், என்றேன். அதை இன்றைக்கும் தப்பென்று சொல்ல மாட்டேன். என் அம்மாவின் முதுகில் புண் வரவில்லை, நான் வீட்டில் இருந்ததால் வரவில்லை. அண்ணாச்சி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார், இப்போது ஊர் ஊராகக் கபடிக் கமிட்டிக்காரர்களுக்கு மைதான மைக்கில் பேசுகிறார். இன்றைக்கும் அவர்தான். மணல்குளத்தில். முதல் பாதி முழுக்க என் ஹெட்போனுக்குள் கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில் அவருடைய குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதைப் போல வந்துகொண்டிருந்தது. வார்த்தை புரியவில்லை, அந்த இழுவை மட்டும். இதோ இப்போதும்.

செல்வநாயகி பாடிப் போகிறாள். கேமரா தாழ்ந்து அவளோடு போகிறது, தாழும்போது மேலே கேலரி தெரிகிறது. பேனர். இறங்கித்தான் இருக்கிறது. “இடது மூலையில் ஆள் நெருக்கம், அந்தப் பக்கம் போகக் கூடாது செல்வநாயகி, போகக் கூடாது” என்று என் வாய் சொல்கிறது, வாய்க்கு என்னுடைய உதவி தேவையில்லை. பேனரின் நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது, கூட்டம் குதிக்கும்போது மடிப்பு திறக்கிறது, உட்காரும்போது மூடுகிறது. கயிறு தளர்ந்தால் பேனர் தொங்கும், மடியாது. மடிய வேண்டுமென்றால் அது கட்டப்பட்டிருக்கிற இரண்டு கம்புகள் ஒன்றை நோக்கி ஒன்று வர வேண்டும். கம்புகள் வருகின்றனவா. ஆடின காலத்தில் ஒரு மைதானத்தில் எங்கள் ஆட்டம் முடிந்து கேலரியில் ஏறி உட்கார்ந்தேன், சவுக்குக் கம்பும் பலகையும் கயிறும்தான், ஆட்டம் சூடு பிடித்து எல்லோரும் எழுந்தபோது கீழே பலகை மூச்சு விட்டது. மூச்சு என்றுதான் சொல்ல முடியும். உள்ளே இழுத்து, வெளியே விட்டது. நான் இறங்கிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை, என்ன சொல்வது, பலகை மூச்சு விடுகிறது என்றா. அந்தக் கேலரி விழவும் இல்லை. இதுவும் விழாது. எத்தனை ஊரில் எத்தனை கேலரி, தினமும் விழுந்துகொண்டா இருக்கிறது. மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தி வலது ஓரத்தில், இடுப்பில் குழந்தை, எழுந்து எழுந்து உட்காருகிறாள். படம் மாறிவிட்டது. ஸ்கோர் பலகை. மறுபடி மூக்கு.

பேச்சுப் பொத்தானை அமுக்கினேன், இதை அமுக்கினால் நேயர்களுக்குக் கேட்காது, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து அறையில் இருக்கிற தயாரிப்பாளர் ரஃபீக்குக்கு மட்டும் கேட்கும். “ரஃபீக், கிழக்குக் கேலரி கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு. ஸ்பாட்ல கேட்டுப் பாருங்க.” “எது சார்?” “அந்த ரோஸ் பேனர் கேலரி.” ஆட்டத்தில் ஒரு நல்ல பிடி, கணுக்கால் பிடி, யாழிசை துள்ளுகிறாள், நானும் துள்ள வேண்டும், துள்ளினேன். அப்புறம் காதில் ரஃபீக், “வேன்ல கேட்டுட்டேன் சார், பார்த்தாங்களாம், கேமரா ஆங்கிள்னு சொல்றாங்க, நீங்க கண்டினியூ பண்ணுங்க.” வேனில் பார்த்தார்களாம். அந்த ஒளிபரப்பு வேன் எனக்குத் தெரியும். மைதானத்துக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார்கள், கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, உள்ளே வரிசையாகத் திரைகள், அவர்களும் நான் பார்க்கிற இதே படத்தைத்தான் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். மைதானத்தில் இருந்துகொண்டே மைதானத்தில் இல்லாதவர்கள். படம் அவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும், எனக்குச் சில விநாடி பிந்தி வரும், அதுதான் வித்தியாசம். இந்தப் பிந்தல் எனக்கு எப்போதும் உறுத்தியதில்லை. அங்கே முடிந்துபோன பிடியைத்தான் நான் இப்போது நடக்கிறது என்று பதறிப் பதறிச் சொல்கிறேன், அதனால் என்ன, வீட்டில் இருக்கிறவர்களுக்கு அதைவிடவும் பிந்தி. இன்றைக்கு உறுத்துகிறது. திரையில் நிற்கிற கேலரி இந்த விநாடியில் நிற்கிறதா என்பது எனக்குத் தெரியாது. போன விநாடிகளில் நின்றது, அவ்வளவுதான் தெரியும்.

மைக்கில் சொல்லிவிடலாம். நேரடி ஒளிபரப்பு, இந்த வாயிலிருந்து போனால் போனதுதான், யாரும் பிடித்து நிறுத்த முடியாது. கேலரி சாய்கிறது என்று சொன்னால் அங்கே கேலரியிலேயே உட்கார்ந்து கைபேசியில் இதைப் பார்க்கிறவன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான், அவன் எழுந்து கத்துவான், ஒருத்தன் கத்தினால் மொத்தக் கூட்டமும் எழும், எழுந்தால் ஓடும், ஓடினால் விழாத கேலரியும் விழும். நானே விழ வைத்தவன் ஆவேன். சொல்லாமல் இருந்து விழுந்தால். சொல்லி விழாமல் போனால், நெரிசலில் குழந்தைகள் மட்டும் மிதிபட்டால். மஞ்சள் புடவையின் இடுப்பில் இருக்கிற அது எவ்வளவு இருக்கும், ஒரு வயது இருக்குமா. எதுவுமே இல்லாமல், கயிறு மட்டும் தளர்ந்திருந்து, நான் மைக்கில் பயந்து உளறினேன் என்று ஆகிவிட்டால், அம்மாவின் மருந்து, மகளின் பள்ளிக்கூடம், யார் இந்தத் தில்லைநாயகம், அவருக்கு என்ன ஆச்சு என்பார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒருவர். அங்கே நிற்கிற ஒருவர், கண்ணால் பார்க்கிறவர், பார்த்துவிட்டு நிதானம் இழக்காதவர். இதை நினைக்க எனக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை, அவருடைய குரல் என் காதுக்குள்தானே ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் பேசிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதனாலாக இருக்கலாம். அம்மாவைப் பார்க்கக்கூட அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

டைம் அவுட். விளம்பரம் போனது. ஹெட்போனின் ஒரு காதை விலக்கிவிட்டு, அண்ணாச்சிக்கு அடித்துக் கைபேசியைக் காதில் வைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறு காதில், ஹெட்போனுக்குள், கூட்ட இரைச்சலுக்கு நடுவில், மைதான மைக்கில் ஒரு கைபேசி அடிப்பது கேட்டது, நான் அடித்து முடித்த அழைப்பு இப்போதுதான் அங்கிருந்து வந்து சேருகிறது. அவருடைய சட்டைப் பையில் அடிக்கிறது. மைக்குக்கு அவ்வளவு பக்கத்தில். எடுங்க அண்ணாச்சி. யாழிசை என்னைப் பார்த்து, “சார், போன் உள்ள கூடாதே” என்றாள். கையைக் காட்டினேன். எடுத்தார். “என்னடே, ஒளிபரப்பு நேரத்துல கூப்பிடுத?” ஒரு வருஷம் பேசாதவரைப் போல இல்லை, நேற்று பேசியவரைப் போல. “அண்ணாச்சி, உங்க எதிர்ல கிழக்குக் கேலரி. வலது பக்கம். ரோஸ் பேனர். கொஞ்சம் பாருங்க.” அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, தூரத்தில் நாதஸ்வர கேசட், யாரோ விசில். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், “கம்பு வெளிய வந்துட்டுடே. மண்ணு பறிஞ்சிருக்கு. போன வைக்காத” என்றார். கைபேசி சட்டைப் பைக்குள் போகிற துணிச் சத்தம். சரியாகப் பார்த்திருக்கிறேன் என்கிற ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, அது வேறு அசிங்கமாக இருந்தது.

அவருடைய குரல் இப்போது கைபேசியில் தெளிவாகக் கேட்டது, மைக்கில் பேசுகிறார், கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற குரல். “கிழக்குப் பக்கம் இருக்கிற தாய்மார்களுக்கு ஒரு நல்ல சேதி. செல்வநாயகி கூட போட்டோ எடுத்துக்கிடலாம். கைக்குழந்தை வச்சிருக்கவங்க மொதல்ல. கீழ் வரிசை மட்டும் மெதுவா எறங்கி வாங்க, மத்தவங்க உக்காந்திருங்க, ஒவ்வொரு வரிசையாக் கூப்புடுதேன். குதிக்கப் பிடாது. குதிச்சா போட்டோ கிடையாது.” சிரிப்புச் சத்தம் கேட்டது. கமிட்டிக்காரர் யாரோ, என்னங்க இது, ஆட்ட நேரத்துல என்று கோபப்படுவது கேட்டது. அண்ணாச்சி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவரிடம் ஏதோ சொன்னார். விளம்பரம் முடிந்து எங்கள் மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது, திரையில் படம் வந்தது, அதில் கேலரியிலிருந்து இன்னும் ஒருவரும் இறங்கவில்லை, ஹெட்போனுக்குள் அண்ணாச்சி இன்னும் சொல்லியே முடிக்கவில்லை. பிறகு இறங்கினார்கள். மெதுவாக. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளைக் கை மாற்றி, செருப்பைத் தேடி, என்ன சாவகாசம், இறங்குங்கள் தாயே. மஞ்சள் புடவை இறங்கிவிட்டது, பார்த்தேன். ரஃபீக் என் காதுக்குள், “யார் சார் க்ரவுட உள்ள விட்டது, என்ன நடக்குது அங்க?” என்கிறான். யாழிசை நேயர்களிடம் சிரித்துக்கொண்டே, “தங்கள் அபிமான வீராங்கனையோடு படம் எடுத்துக்கொள்ள இங்கே எப்படி ஒரு ஆர்வம் பாருங்கள்” என்கிறாள். நான் பேச வேண்டிய முறை. கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கைபேசியில் அண்ணாச்சி, “மேல் வரிசைத் தம்பிமாரே, உங்களைத்தான், சும்மா வாங்கடே, மெதுவா” என்றார், பிறகு மைக் இல்லாமல், வேறு குரலில், “ஏ, எறங்குங்கல” என்றார்.

அப்போது கைபேசியில் பட்டாசுச் சரம் வெடிப்பதைப் போல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பின் ஒன்றுமே இல்லை, இரைச்சல்கூட இல்லை. அதற்குப் பின் ஜனங்களின் அலறல்.

திரையில் கேலரி நின்றுகொண்டிருந்தது. மாலை வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. மேல் வரிசையில் பையன்கள் சிலர், ஒருத்தன் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றுகிறான், ஒருத்தன் அவன் தோளில் கை போட்டிருக்கிறான், சிரிக்கிறார்கள். என் கைபேசிக்குள் அவர்கள் அலறிக்கொண்டிருக்கிறார்கள், என் கண்ணுக்கு முன்னால் சிரிக்கிறார்கள். இறங்குடா என்று சொல்ல வாய் திறந்தேன். எதற்குத் திறந்தேன். யாருக்குக் கேட்கும். யாழிசை, “மேலே அந்த இளைஞர்களைப் பாருங்கள், என்ன கொண்டாட்டம்” என்று ஆரம்பித்தாள், நான் அவள் கையைப் பிடித்தேன், அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, வலியில் திரும்பிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். துண்டு இன்னொரு சுற்று சுற்றியது. பிறகு படமும் வந்து சேர்ந்தது. ரோஸ் பேனர் நடுவில் மடிந்தது, வலது பக்கம் உட்கார்ந்தது, மேல் வரிசை இருந்த இடத்தில் செம்மண் புழுதி.

“பேசுங்க சார்,” என்றான் ரஃபீக், “ஏதாவது பேசுங்க, சத்தமில்லாம டெட் ஏர் போகுது.” “நேயர்களே,” என்றேன். என் குரல் யாருடையதோ போல இருந்தது. “மணல்குளத்தில் கேலரி விழுந்திருக்கிறது. நாங்கள் அங்கே இல்லை. சென்னையில் ஒரு அறையில் இருக்கிறோம். உங்களுக்குத் தெரிகிறதுதான் எங்களுக்கும் தெரிகிறது. அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறவர்கள் எங்களை நம்பி இருக்க வேண்டாம், அவர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள்.” சிவப்பு விளக்கு அணைந்தது. ரஃபீக்தான் வெட்டியிருப்பான். வந்து கத்துவான் என்று நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். யாழிசை தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, “சார், உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சது?” என்றாள். கைபேசியைக் காட்டினேன். அது இன்னும் அணையவில்லை. துணி உரசல், ஓட்டம், பலகையைத் தூக்கு, அங்க பிடி, தூக்கு என்கிற குரல்கள். நடுநடுவே அண்ணாச்சியின் இருமல். இருமல் கேட்கிற வரைக்கும் சரி, இருக்கிறார், என்று அந்த இருமலையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, போனது, இன்னொன்று வந்தது. என்னுடைய கை கைபேசியோடு சேர்ந்து விறைத்துவிட்டது.

பிறகு அவர் கைபேசியைக் கையில் எடுத்தார். “இருக்கியாடே?” “இருக்கேன் அண்ணாச்சி.” “மேல நின்ன பயலுவதான் விழுந்தானுவ. கையி காலு போயிருக்கு, ஒருத்தனுக்கு இடுப்பு. உசிருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுதாங்க. பொம்பளையாளு, பிள்ளைங்க, எல்லாம் எறங்கிட்டு.” நான் அழுதேன் என்று நினைக்கிறேன், யாழிசை தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். சரியான நேரத்தில் கூப்பிட்டேன் என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும், அதை அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. “அடியில ஒரு அம்மா இருந்திருக்காடே” என்றார். “எதுக்கு அடியில?” “கேலரிக்கு அடியில. நெழலுக்கு. மாங்கா வித்துக்கிட்டு இருந்திருக்கா. வெயிலு சுள்ளுன்னு அடிக்கவும் கூடையோட உள்ள போயி உக்காந்துட்டா போலுக்கு. இப்பதான் பலகைய எடுக்கும்போது பாத்தோம். உசிரு இல்லடே.” “நான் இந்தா, பக்கத்துலதாண்டே நின்னேன்,” என்றார் அண்ணாச்சி. “காலையில ஒரு சுத்து சுத்தியும் வந்தேன். கம்பைப் பாத்தேன், நல்லாத்தான் நின்னுது. இந்த மைக்கில என்னெல்லாமோ சொன்னேன். அடியில யாராவது இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலயே.” இருமினார். “நீ அங்க இருந்து பாத்துட்ட. நான் இங்க நின்னு பாக்கல.” இல்லை அண்ணாச்சி, நானும் பார்க்கவில்லை, எந்தக் கேமராவும் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும், சொன்னால் அது அவருக்கு ஆறுதலா, எனக்கு ஆறுதலா. “அவங்க பேர் என்ன?” என்றேன். “தெரியலயேடே. இரு, கேட்டுச் சொல்லுதேன்.” நடந்தார். செம்மணலில் செருப்பு புதைகிற சத்தம் கேட்டது. ஏம்பா, இந்த மாங்கா விக்கிற அம்மா பேரு என்ன, என்று ஒருவரிடம் கேட்டார். தெரியலியே அண்ணாச்சி, வெளியூரு. இன்னொருவரிடம் கேட்டார். எல்லா மேட்சுக்கும் வருவா, பேரு தெரியாது. ரஃபீக் கதவைத் திறந்து, போகலாம் சார் என்றான். நான் எழவில்லை. கைபேசியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன், அவர் இன்னும் கேட்டுக்கொண்டே போனார்.